சங்கத்தின் இணையதளத்தைக் கைவிட வேண்டாம்: செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் சிறுதொழில் வணிகர் சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் சென்ற மாதம் வந்த சுற்றறிக்கையைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். சங்க இணையதளத்தின் பெயர்ப் பதிவை இந்த ஆண்டு புதுப்பிக்கப் போவதில்லை என்றும், உறுப்பினர்கள் சொந்தமாக இணையதளம் தொடங்கச் சங்கம் செய்துவந்த உதவி நிறுத்தப்படுகிறது என்றும், அந்தப் பணம் முழுவதும் ரீல்ஸ் என்னும் குறுங்காணொளி எடுக்கும் பயிற்சிக்கும் சமூக ஊடக விளம்பரத்துக்கும் ஒதுக்கப்படுகிறது என்றும் அதில் சொல்லியிருந்தீர்கள். காரணமாக ஒரே ஒரு வரி இருந்தது: இப்போது யாரும் இணையதளம் பார்ப்பதில்லை. பொதுக்குழுவில் வைத்துப் பேசாமல், எத்தனை உறுப்பினர்களின் பொருள்கள் அந்தத் தளத்தில் இருக்கின்றன, அவர்களுக்கு அதன் வழியாக என்ன வருகிறது என்று ஒருவரிடமும் கேட்காமல் எடுத்த இந்த முடிவை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நான் மதுரையில் சுங்குடிச் சேலை செய்து விற்கும் குடும்பத்தைச் சேர்ந்தவள். சாயம் ஏற்றும் முன் துணியில் நூலால் போட வேண்டிய முடிச்சுகளை என் மாமியார் இன்றும் தம் கையால் போடுகிறார். சமூக ஊடகத்தின் பலனை அறியாமல் நான் பேசவில்லை. சாயம் ஏற்றிக் காயவைத்த சேலையின் இரு பக்கத்தையும் இருவர் பிடித்துச் சுண்டி இழுக்கும்போது, நூல் முடிச்சுகள் படபடவென்று தெறித்து, சாயம் படாத வெள்ளைப் புள்ளிகள் வரிசையாகத் திறந்துகொள்ளும் காட்சியைக் கைப்பேசியில் எடுத்துப் போட்டோம். அதைப் பார்த்துத்தான் சென்னையிலும் பெங்களூரிலும் கோலாலம்பூரிலும் இருந்து எங்களுக்கு முதல் வாடிக்கையாளர்கள் வந்தார்கள். விளம்பரத்துக்குச் செலவழிக்கப் பணமில்லாத எங்களைப் போன்றவர்களுக்கு அந்தத் தளங்கள் திறந்துவிட்ட வாசலை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ரீல்ஸ் பயிற்சி நடத்துங்கள், நானும் வருகிறேன். அந்தப் பயிற்சிக்காக இணையதளத்தை விட்டுவிட வேண்டும் என்ற இடத்தில்தான் நான் மறுக்கிறேன்.

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் எங்கள் கணக்குக்கு நேர்ந்ததைச் செயற்குழுவில் சிலர் அறிவீர்கள். படமும் காணொளியும் போடும் ஒரு தளத்தில் எங்கள் கடைக் கணக்கு ஒரு நாள் காலையில் திறக்கவில்லை. எங்கள் வீட்டு மொட்டை மாடியில், என் மாமியாரின் கை தெரியும்படி நான் எடுத்த படங்களுக்கே வேறு யாரோ உரிமை கோரிப் புகார் அளித்திருந்தார்கள். அதன் பேரில் கணக்கு முடக்கப்பட்டிருந்தது. மேல்முறையீடு செய்யச் சொன்ன படிவத்தை நிரப்பினேன். ஆதார் அட்டையைக் கையில் பிடித்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். ஒவ்வொரு முறையும் வந்தது இயந்திரம் எழுதிய ஒரே பதில். அழைத்துப் பேச ஒரு தொலைபேசி எண் கிடையாது, நேரில் போய் நிற்க ஓர் அலுவலகம் கிடையாது. நம் ஊர் மாநகராட்சியிலோ மின்வாரியத்திலோ மனுவைத் தூக்கிக்கொண்டு பத்து முறை நடந்தாலும் பதினோராவது முறை ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்து நம் பக்கத்து நியாயத்தைச் சொல்ல முடியும். இங்கே அதற்கும் வழியில்லை.

கணக்கு போனதைவிட அதற்குள் இருந்தவை போனதுதான் பெரிய இழப்பு. யார் எந்த நிறம் கேட்டார், யார் முன்பணம் அனுப்பினார், யாருடைய மகளின் வளைகாப்புக்கு எந்தத் தேதிக்குள் சேலை போய்ச் சேர வேண்டும் என்பதெல்லாம் அந்தத் தளத்தின் செய்திப் பெட்டிக்குள்தான் இருந்தன. அன்று எங்களைக் காப்பாற்றியது, சங்கத்தின் உதவியோடு சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் தொடங்கிய சிறிய இணையதளம். அது அழகான தளம் அல்ல. சேலைகளின் படம், விலை, எங்கள் முகவரி, தொலைபேசி எண், ஆர்டர் எழுத ஒரு படிவம், அவ்வளவுதான். ஆனால் படிவம் நிரப்பியவர்களின் பெயரும் எண்ணும் எங்கள் மின்னஞ்சலில் இருந்தன. எங்கள் பக்கம் காணாமல் போனதைக் கண்டு பயந்தவர்கள் கடையின் பெயரைத் தேடி, தளத்தில் இருந்த எண்ணைப் பார்த்து அழைத்தார்கள். முன்பணம் கட்டிய ஒருவர்கூட எங்களை ஏமாற்றுக்காரர்கள் என்று நினைக்கும் நிலை வரவில்லை. எங்கள் தெருவிலேயே வீட்டில் தொக்கும் ஊறுகாயும் செய்து விற்கும் ஒரு சகோதரிக்கு இதே போல நடந்தபோது அவரிடம் சொந்த இணையதளம் இல்லை. பணம் வாங்கிவிட்டு ஓடிவிட்டார் என்று முகம் தெரியாதவர்கள் எழுதினார்கள். அவரோ, அனுப்ப வேண்டிய முகவரிகள் எல்லாம் முடங்கிய கணக்குக்குள் மாட்டிக்கொண்டிருக்க, கட்டி வைத்த பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

இதை ஓரிருவரின் கெட்ட நேரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2019 ஏப்ரலில் நம் ஊரில் உள்ள உயர் நீதிமன்றக் கிளைதான் டிக்டாக் செயலியின் பதிவிறக்கத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்தத் தடை அதே மாதத்தில் நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, 2020 ஜூன் 29 அன்று, மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தபோது டிக்டாக்கும் அதில் இருந்தது. பிறகு அது திரும்பவே இல்லை. அரசின் முடிவு சரியா தவறா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. அந்தச் செயலியில் மட்டும் கடை வைத்திருந்தவர்களுக்குத் தங்கள் வாடிக்கையாளர்களிடம் இனி எங்களை இங்கே பாருங்கள் என்று சொல்லும் இடம்கூட மிஞ்சவில்லை என்பதைத்தான் சுட்டிக்காட்டுகிறேன். 2021 அக்டோபர் 4 இரவு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 6 மணி நேரம் உலகம் முழுவதும் நின்றுபோயின. மூன்றும் ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பதால் ஒன்று போனால் இன்னொன்றுக்கு மாறிக்கொள்ளலாம் என்ற வாய்ப்பும் அன்று இல்லை. தீபாவளிக்குச் சரியாக ஒரு மாதம் இருந்தது. இரவு ஒன்பது மணிக்குப் பிறகுதான் வேலை முடித்த பெண்கள் கைப்பேசியை எடுத்துச் சேலை பார்ப்பார்கள் என்பதை ஜவுளி வியாபாரம் செய்யும் செயற்குழு உறுப்பினர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சமூக ஊடகம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் நாட்களிலும் யார் நம்மைப் பார்ப்பார்கள் என்பதை நாம் முடிவு செய்வதில்லை. வணிகப் பக்கங்களின் பதிவுகளைக் குறைத்து, நண்பர்கள், குடும்பத்தாரின் பதிவுகளுக்கு முன்னுரிமை தரப்போவதாக 2018 ஜனவரியில் ஃபேஸ்புக் வெளிப்படையாகவே அறிவித்தது. அதற்கு முன்பு பாடுபட்டு ஆயிரக்கணக்கில் பின்தொடர்வோரைச் சேர்த்த கடைக்காரர்கள், அதே ஆட்களிடம் தங்கள் பதிவைக் காட்டப் பணம் கட்ட வேண்டிய நிலைக்கு வந்தார்கள். பிறகு படத்தின் காலம் போய்க் காணொளியின் காலம் வந்தது. நாளை இன்னொன்று வரும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நாம் புதிதாக ஓட வேண்டும். சங்கமும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பயிற்சிக்குச் செலவழிக்க வேண்டும்.

சித்திரையில் தமுக்கம் மைதானத்துப் பொருட்காட்சியில் நம்மில் பலர் கடை போடுகிறோம். கூட்டம் அங்கேதான் இருக்கிறது, போடத்தான் வேண்டும். அதற்காக விளக்குத்தூண் பக்கத்தில் இருக்கும் நிரந்தரக் கடையின் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவர் நம்மில் யாராவது உண்டா?

இணையதளத்தை யாரும் பார்ப்பதில்லை என்கிறீர்கள். எங்கள் தளத்துக்கு வருகிறவர்களைப் பற்றிச் சொல்கிறேன். பொழுதுபோக்காகக் கைப்பேசியைத் தள்ளிக்கொண்டிருப்பவர் அங்கே வருவதில்லை, அது உண்மை. கையால் கட்டிய சுங்குடி எங்கே கிடைக்கும், அச்சடித்த சுங்குடிக்கும் அதற்கும் என்ன வேறுபாடு, வயதான அம்மாவுக்கு மெல்லிய பருத்தியில் வேண்டும் என்று தேடிக்கொண்டு வருகிறவர்தான் வருகிறார். எண்ணிக்கையில் அவர்கள் குறைவு, ஆனால் வாங்கும் எண்ணத்தோடு வருகிறார்கள். எங்கள் தளத்தில் அதிகம் பேர் படிப்பது எது என்று பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. முதல் சலவையில் சேலையைத் தனியாகக் குளிர்ந்த நீரில் அலச வேண்டும், வெயிலில் நேராகப் போடாமல் நிழலில் உலர்த்த வேண்டும், முடிச்சு கட்டிய இடத்தில் இருக்கும் சிறு சுருக்கம் குறை அல்ல, அதுவே கைவேலையின் அடையாளம் என்று என் மாமியார் சொல்லச் சொல்ல நான் எழுதிய பக்கம்தான் அது. பல ஆண்டுகளுக்கு முன் எழுதியது, இன்றும் ஆள் கூட்டி வருகிறது. அதே செய்தியைச் சமூக ஊடகத்திலும் போட்டேன். இரண்டு நாள் ஓடியது. இப்போது அதை எடுத்து ஒருவருக்கு அனுப்ப வேண்டுமானால் நானே விரல் வலிக்கக் கீழே தள்ளிக்கொண்டு போக வேண்டும்.

விலையை எடுத்துக்கொள்ளுங்கள். சமூக ஊடகத்தில் நம்மில் பெரும்பாலோர் விலைக்கு இன்பாக்ஸ் வாருங்கள் என்று எழுதுகிறோம். உள்ளே வந்து ஒரு பொருளின் விலையைக் கேட்கக் கூச்சப்பட்டு எத்தனை பேர் பேசாமல் போகிறார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை. தளத்தில் விலை எழுதியிருந்தால், வாங்க முடிகிறவர் வாங்குவார், முடியாதவர் யாரிடமும் தன் நிலையை விளக்காமல் போவார். வாடிக்கையாளரின் மரியாதையும் இதில் அடங்கியிருக்கிறது.

அடுத்தது போலிகள். மதுரைச் சுங்குடிக்கு 2005-இலேயே புவிசார் குறியீடு கிடைத்தது. அப்படியிருந்தும் இயந்திரத்தில் அச்சடித்த புள்ளிச் சேலையைச் சுங்குடி என்ற பெயரில் விற்பது நிற்கவில்லை. சமூக ஊடகத்தில் எங்கள் படத்தையே எடுத்து, எங்கள் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றிக் கணக்குத் தொடங்கி, முன்பணம் வாங்கிவிட்டு மறைந்தவர்களும் உண்டு. பாதிக்கப்பட்டவர் என்னிடம் சண்டைக்கு வந்தபோது, எங்கள் உண்மையான க்யூஆர் குறியீடும் வங்கிக் கணக்கின் பெயரும் எங்கள் சொந்தத் தளத்தில் மட்டும் இருக்கின்றன என்று காட்ட முடிந்தது. ஒரே மாதிரி படம், ஒரே மாதிரி பெயர் வைத்துப் பத்துக் கணக்குகள் தொடங்கலாம். ஆனால் டொமைன் பெயரை, அதாவது இணையதளத்தின் முகவரிப் பெயரை, ஒருவர் பதிவு செய்து வைத்திருக்கும் காலம் வரை இன்னொருவர் அதே பெயரைப் பதிவு செய்ய முடியாது. எது எங்கள் கடை என்று அடித்துச் சொல்ல எங்களிடம் இருக்கும் ஒரே முகவரி அதுதான்.

சட்டமும் இதையே எதிர்பார்க்கிறது. 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், இணைய வழியில் விற்பவர்களின் பெயர், முகவரி, தொடர்பு விவரம், பொருளைத் திருப்பித் தரும் முறை, பணத்தைத் திருப்பும் முறை, குறைதீர்ப்பவர் யார் என்பவை வாங்குகிறவருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சொல்கின்றன. சமூக ஊடகக் கணக்கில் நான்கு வரி மட்டும் எழுத இடம் தரும் ஓர் அறிமுகப் பகுதியில் இதையெல்லாம் எப்படி எழுதுவது? அட்டை வழியாகப் பணம் பெற வசதி கேட்டுப் போனபோதும் எங்களிடம் முதலில் கேட்டது, இந்த விவரங்கள் உள்ள இணையதளம் இருக்கிறதா என்றுதான்.

இனி செலவுக்கு வருகிறேன். டாட் இன் பெயர் ஒன்றைப் புதுப்பிக்க ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் ஆகும். பாதுகாப்புச் சான்றிதழ் பல இடங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. பத்துப் பக்கம் உள்ள எளிய தளத்துக்குப் பெரிய ஹோஸ்டிங், அதாவது தளத்தை வைத்து இயக்கும் வாடகை இடம், தேவையில்லை. ஒரே ஒரு பதிவைச் சில நாட்கள் விளம்பரப்படுத்த நம் உறுப்பினர்கள் இதைவிட அதிகமாகக் கொடுக்கிறார்கள்; பணம் தீர்ந்த மறுநாள் அந்த விளம்பரம் இல்லை.

இணையதளத்தால் பலன் இல்லை என்று சொல்லும் உறுப்பினர்களின் மனக்கசப்பை நான் அறிவேன். அவர்களில் பலருக்கு நேர்ந்தது என்னவென்றால், தளம் செய்து கொடுத்தவர் டொமைனைத் தம் பெயரிலேயே பதிவு செய்துகொண்டார், கடவுச்சொல்லைக் கொடுக்கவில்லை, ஒரு சேலையின் விலையை மாற்றுவதற்கும் பணம் கேட்டார், பிறகு தொலைபேசியை எடுப்பதையே நிறுத்திவிட்டார். கடையின் பத்திரம் அடுத்தவர் பெயரில் இருந்தால் கடைக்காரர் என்ன செய்ய முடியும்? இது தளத்தின் குற்றம் அல்ல. பெயரை உரிமையாளரின் சொந்த மின்னஞ்சலிலும் சொந்தத் தொலைபேசி எண்ணிலும் பதிவு செய்யுங்கள் என்று சொல்லிக் கொடுக்க ஆளில்லாமல் போனதுதான் குறை. அந்த வேலையைச் சங்கம்தான் செய்ய வேண்டும். வேறு யார் செய்வார்கள்?

இலவசமாக ஏதாவது ஒரு பக்கம் வைத்துக்கொள்ளலாமே என்றும் செயற்குழுவில் பேச்சு வந்ததாகக் கேள்விப்பட்டேன். கூகுள் தன் வணிகப் பட்டியலோடு இலவசமாகக் கொடுத்துவந்த சிறு இணையதளங்களை 2024 மார்ச்சில் நிறுத்தியது. அந்த முகவரியை அச்சடித்து வைத்திருந்த கடைக்காரர்களுக்கு அதைத் தட்டுகிறவரை கூகுளில் உள்ள அவர்களின் வணிகப் பட்டியலுக்குத் திருப்பிவிடும் வசதி அதே ஆண்டு ஜூன் வரை மட்டும் கிடைத்தது. சொந்த டொமைன் வைத்திருந்தவர்கள் அதை வேறு தளத்துக்குத் திருப்பிவிட்டு வேலையைப் பார்த்தார்கள். வாடிக்கையாளருக்கு எதுவும் தெரியவில்லை. தளம் எங்கே ஓடுகிறது என்பது மாறலாம், பெயர் நம்முடையதாக இருக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இன்னொன்றைச் சுற்றறிக்கை எழுதியவர்கள் யோசித்ததாகவே தெரியவில்லை. சங்கத்தின் தள முகவரி உறுப்பினர்களின் துணிப்பைகளில், விசிட்டிங் கார்டுகளில், பொருட்காட்சிப் பலகைகளில், கூரியர் உறைகளில் அச்சாகி ஊர் ஊராகப் போயிருக்கிறது. பதிவு காலாவதியாகி, சலுகைக் காலமும் முடிந்த பிறகு அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். பழைய நல்ல பெயர்களை அப்படி வாங்கி அவற்றில் சூதாட்ட விளம்பரம் போடுவதையே தொழிலாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். நம் ஊர்ப் பெண் ஒருத்தி தைத்த பையில் இருக்கும் முகவரியைத் தட்டுகிறவர் ஒரு சூதாட்டப் பக்கத்தில் போய் நிற்பார். ஆண்டுக்கு ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தி இந்த அவப்பெயரை எல்லா உறுப்பினர் தலையிலும் சுமத்த வேண்டுமா?

எனவே செயற்குழுவிடம் கேட்கிறேன். முதலாவதாக, காலாவதித் தேதிக்குக் காத்திராமல் சங்கத்தின் டொமைன் பெயரை உடனே புதுப்பியுங்கள். ஓராண்டுக்கு ஓராண்டு விவாதம் வேண்டாம், ஐந்து ஆண்டுகளுக்குச் சேர்த்தே கட்டுங்கள். இதற்குப் பணமில்லை என்றால் சொல்லுங்கள், உறுப்பினர்களிடம் நாங்களே திரட்டித் தருகிறோம். அந்தப் பதிவு ஒரு நிர்வாகியின் தனிப்பட்ட மின்னஞ்சலில் இல்லாமல் சங்கத்தின் பெயரில், இரண்டு நிர்வாகிகள் அணுகும்படி இருக்க வேண்டும்.

சொந்தத் தளம் தொடங்கும் உறுப்பினர்களுக்கான உதவியை நிறுத்திய தீர்மானத்தைத் திரும்பப் பெறுங்கள். ரீல்ஸ் பயிற்சிக்கான ஒதுக்கீட்டில் ஒரு பகுதியையாவது இதற்குத் திருப்புங்கள். அந்தப் பயிற்சியிலேயே, காணொளி பார்த்து வருகிறவரைத் தளத்துக்கு அழைத்து வருவது எப்படி, வாடிக்கையாளரின் பெயரையும் எண்ணையும் அவருடைய சம்மதத்தோடு நம் கையில் சேமிப்பது எப்படி, கணக்கு முடங்கினால் என்ன செய்வது என்பதையும் பாடமாகச் சேருங்கள். தளம் செய்து தருகிறவர்களோடு உறுப்பினர்கள் போட வேண்டிய ஒப்பந்தத்துக்கு ஒரு பக்க மாதிரியைச் சங்கமே தமிழில் தயாரித்துத் தர வேண்டும். டொமைனும் கடவுச்சொற்களும் உரிமையாளருக்கே சொந்தம் என்பது அதன் முதல் வரியாக இருக்கட்டும்.

கணக்கு முடக்கப்பட்ட உறுப்பினர் தனியாக அல்லாடாமல் இருக்க, அவர் சார்பில் எழுதவும், நுகர்வோருக்கு விளக்கம் சொல்லவும், தேவைப்பட்டால் சைபர் குற்றப் பிரிவில் புகார் அளிக்கத் துணை நிற்கவும் செயற்குழுவில் ஒருவரைப் பொறுப்பாக நியமியுங்கள். அந்த ஊறுகாய்ச் சகோதரியின் பிரச்சினையிலிருந்தே தொடங்கலாம். அவருடைய கணக்கு இன்னும் திரும்பவில்லை.

கடைசியாக, இந்தத் தீர்மானத்தை அடுத்த பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, உறுப்பினர்களின் வாக்குக்கு விடுங்கள். அதுவரை தளத்தை இயங்கும் நிலையிலேயே வைத்திருங்கள். பொதுக்குழுவுக்கு ஒரு வாரம் முன்பாக, தளத்தின் வழியாக யாருக்கு என்ன வந்தது என்ற விவரத்தை உறுப்பினர்களிடம் எழுத்தில் கேட்டுத் தொகுத்து வையுங்கள். தொகுக்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். பதிலை வாட்ஸ்அப் குழுவில் அல்லாமல் கடிதமாகவே அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சங்க உறுப்பினர்,
சுங்குடிச் சேலை உற்பத்தியாளர்,
மதுரை.